புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு வாயுத் தொல்லையா? சொட்டு மருந்துக்கு முன்னால் பால் கலக்கும் விதத்தைப் பாருங்க!

பிறந்து மூன்று வாரமான குழந்தை ராத்திரி முழுக்க முறுக்கி முறுக்கி அழுகிறது. வயிறு டம்மென்று இருக்கிறது. தஞ்சாவூர் கீழவாசலிலோ தெற்கு வீதியிலோ ஒரு மருந்துக்கடையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கிரைப் வாட்டர் ஒரு பாட்டில் கைக்கு வரும். இல்லையென்றால் வாயுச் சொட்டு மருந்து. வீட்டுக்கு வந்தால் பாட்டி வசம்பைச் சுட்டு வைத்திருப்பார். பக்கத்து வீட்டு அக்கா, "அந்தப் பவுடர் ஒத்துக்கல, வேற டின் மாத்திப் பாருங்க" என்பார். எல்லாருமே குழந்தையின் வாய்க்குள் இன்னொன்றைக் கூடுதலாகப் போடச் சொல்கிறார்கள். "பால எப்படிக் கலக்குறீங்க?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி. அதைக் கேட்டு, கையில் டின்னையும் கரண்டியையும் வைத்துச் செய்துகாட்ட வேண்டியவர்கள் மருத்துவமனைக்காரர்கள். அவர்கள் இதைச் சொல்லித்தரத் தயங்குவது தாய்ப்பாலைக் காப்பாற்றவில்லை. புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைகளைத்தான் பாதிக்கிறது.

தாய்ப்பாலுக்கு இணை எதுவும் இல்லை, இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஆனால் நிலவரம் என்ன? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.1 சதவீதம். மீதிப் பேருக்குத் தண்ணீரோ, பசும்பாலோ, பவுடர் பாலோ ஏதோ ஒன்று உள்ளே போகிறது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுவை சிகிச்சைப் பிரசவம் 44.9 சதவீதம். சிசேரியன் முடிந்து வலியோடு படுத்திருக்கும் தாய்க்குப் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். அந்த இடைவெளியில்தான் "பால் பத்தல போல" என்று ஒரு குரல் எழும். உறவினர் ஒருவர் கீழே இறங்கிப் போய் டின்னோடு வருவார். அந்த முதல் நாளில் குழந்தையின் வயிறு கொள்வது ஒவ்வொரு தடவையும் ஒரு தேக்கரண்டி அளவுதான், சீம்பால் அதற்குத் தாராளம் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதி டின்கள் திறக்கப்பட்டே இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

திறந்தாகிவிட்டது. இனி என்ன?

சட்டம் தடுக்கிறதா?

"புட்டிப்பால் பத்திப் பேசினாலே தப்பு" என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களில் ஏழை நாடுகளில் பவுடர் பால் நிறுவனங்கள் செய்த விளம்பரங்களும், சுத்தமான தண்ணீர் இல்லாத வீடுகளில் அதனால் பறிபோன குழந்தைகளின் உயிர்களும் உலகை உலுக்கின. 1974-ல் பிரிட்டனில் ஒரு துண்டுப் பிரசுரம் இதை அம்பலப்படுத்தியது. 1977-ல் நெஸ்லே நிறுவனத்துக்கு எதிரான புறக்கணிப்பு அமெரிக்காவில் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரவாக 118 நாடுகள். எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா.

அந்த வழியில் வந்ததுதான் இந்தியாவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தைப் பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. டின்மேல் குழந்தை படமோ பெண் படமோ போடக் கூடாது. 2003 திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. உலகிலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று. அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் அதே சட்டத்தின் 8-வது பிரிவை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? பவுடர் பால் ஊட்டுவதைத் தாய்க்கோ குடும்பத்தாருக்கோ செய்துகாட்டும் உரிமை சுகாதாரப் பணியாளருக்கு மட்டுமே உண்டு என்கிறது அது. தவறாகக் கலந்தால் என்ன கேடு வரும் என்பதையும் அவரே தெளிவாக விளக்க வேண்டும் என்கிறது. அதாவது, கம்பெனிக்காரர் கையிலிருந்து பிடுங்கி, செவிலியர் கையில் கொடுத்திருக்கிறது சட்டம். நாம் பிடுங்கியதோடு நிறுத்திக்கொண்டோம். செவிலியரும் சொல்லாவிட்டால் அந்த இடத்தில் யார் வந்து உட்காருகிறார்கள்? மருந்துக்கடைப் பையனும் யூடியூபும்தான்.

டின்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். ஒரு டின்னைப் புரட்டிப் பாருங்கள். உணவுப் பொருள்களின் லேபிளுக்கு ஆங்கிலம் அல்லது இந்தி இருந்தால் போதும் என்பதுதான் பொது விதி. மாநில மொழி கட்டாயம் இல்லை. ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ ராத்திரி பால் கலக்குவது பல வீடுகளில் பாட்டிதான். அவர் எந்த மொழியில் படிப்பார்?

வாயு எங்கிருந்து வருகிறது?

குழந்தை வயிற்றில் காற்று சேர்வதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. குடிக்கும்போது விழுங்குகிறது, அழும்போதும் விழுங்குகிறது, மீதி குடலில் உண்டாகிறது. இதில் முதல் இரண்டும் ஓரளவு நம் கையில் இருப்பவை.

பாட்டிலை ஷாம்பு பாட்டில் மாதிரிக் குலுக்கினால் பால் முழுக்க நுரை. அந்த நுரை அப்படியே உள்ளே போகிறது. மெதுவாகச் சுழற்றிக் கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் வைத்து, நுரை அடங்கியபின் கொடுங்கள். எப்படியும் ஆற வேண்டிய பால்தான், நேரம் வீணாகாது.

அடுத்தது காம்பின் ஓட்டை. பால் சரியாக வரவில்லை என்று ஊசியை நெருப்பில் காட்டி ஓட்டையைப் பெரிதாக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பால் குபுகுபுவென்று வந்தால் குழந்தை மூச்சுக்கும் விழுங்கலுக்கும் நடுவில் திணறும். காற்றையும் சேர்த்து விழுங்கும். பச்சிளம் குழந்தைக்கு மெதுவாக வடியும் காம்புதான் சரி. பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக வர வேண்டும்; தாரையாகக் கொட்டக் கூடாது. அதே சமயம் அடைத்துக்கொண்ட காம்பும் ஆகாது. வெறுங்காற்றை உறிஞ்சி உறிஞ்சியே பிள்ளை சோர்ந்துவிடும்.

படுக்கவைத்து வாயில் பாட்டிலைச் செருகிவிட்டு, தலையணையால் முட்டுக்கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்தை உடனே விட்டுவிடுங்கள். காற்றை விடுங்கள், அது புரையேறிக் கொல்லக்கூடிய விஷயம். தலை உயர்ந்திருக்க, குழந்தை ஓரளவு நிமிர்ந்து மடியில் சாய்ந்திருக்க, பாட்டில் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், காம்பு மட்டும் பாலால் நிரம்பியிருக்கட்டும். நடுநடுவே நிறுத்துங்கள். தலையைத் திருப்பினாலோ உதட்டை இறுக்கினாலோ போதும் என்று அர்த்தம். "இன்னும் பத்து மில்லிதான் பாக்கி, குடிச்சிருடா செல்லம்" என்பது நம் கணக்கு, அதன் கணக்கு அல்ல. டின் விலைதான் அந்த வார்த்தையைச் சொல்ல வைக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

தலைதட்டி அள்ளுங்க

டெல்டாக்காரர்களுக்கு அளவை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். படியில் கோபுரம் கட்டி அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே நெல் அளந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். கோபுரம் கட்டி அளந்தால் கை தாராளம் என்று பெயர். பால் பவுடரில் அந்தத் தாராளம் வேண்டாம். டின்னுக்குள் இருக்கும் அந்தக் கரண்டியால், அமுக்காமல் அள்ளி, சுத்தமான கத்தியின் பின்பக்கத்தால் தலைதட்ட வேண்டும். இங்கே கிடைக்கும் பெரும்பாலான டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்றுதான் இருக்கும். ஆனாலும் உங்கள் டின்னில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கம்பெனியின் கரண்டியை இன்னொரு கம்பெனி டின்னுக்குப் போடாதீர்கள்.

முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மாற்றிச் செய்தால், அதாவது பவுடரைப் போட்டுவிட்டுக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் குறைந்து பால் கெட்டியாகிவிடும். கெட்டிப் பால் மலத்தை இறுக்கும், தாகத்தை உண்டாக்கும், பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை. குழந்தை முக்கும், முகம் சிவக்கும், அழும். நாம் அதற்கும் "வாயு" என்றே பெயர் வைப்போம்.

ஆனால் நம் ஊரில் இதைவிடக் கவலைப்பட வேண்டியது எதிர்ப்பக்கம், தண்ணிப் பால். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 மில்லி பால் தேவைப்படும். அதற்கு 20 கரண்டி, சுமார் 90 கிராம் பவுடர். 400 கிராம் டின் நாலரை நாளைக்குக்கூட வராது. விலை நானூறு ரூபாயைத் தாண்டும். மாதம் ஆறேழு டின். நூறு நாள் வேலையில் 2024–25-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 319 ரூபாய். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் ஒரு தாய் இந்தக் கணக்கை எப்படிச் சமாளிப்பார்? "அஞ்சு கரண்டிக்குப் பதிலா நாலு போடுவோம், ரெண்டு நாள் சேர்த்து ஓடும்." யாரும் தப்பு செய்ய நினைத்துச் செய்வதில்லை.

இப்போது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து பாருங்கள். வயிறு நிரம்பியது போல இருக்கும், பசி தீராது. ஒரு மணி நேரத்தில் மறுபடி அழும். அழும்போது காற்றை விழுங்கும். அடுத்த தடவை பாட்டிலைக் கண்டதும் அவசரமாக உறிஞ்சும், இன்னும் காற்று. வயிறு உப்பும். "காத்து சேர்ந்துருச்சு" என்று கிரைப் வாட்டர் வரும். அந்தத் தண்ணீரும் வயிற்றை அடைத்துப் பால் குடிப்பதைக் குறைக்கும். பசியில் தொடங்கிய அழுகை ஒரு வியாதிப் பெயரோடு வீட்டில் தங்கிவிடுகிறது. நாள்கணக்கில் நீர்த்த பாலையே குடிக்கும் குழந்தைக்கு எடை ஏறாது. ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகக்கூடும்.

பால் பவுடருக்குச் செலவழிக்க வழியில்லாத வீட்டில் தாய்ப்பாலை மறுபடி வரவழைப்பதுதான் முதல் முயற்சியாக இருக்க வேண்டும். இடையில் நின்றுபோனாலும், அடிக்கடி மார்பில் போட்டால் பலருக்குப் பால் மீண்டும் ஊறும். அதற்கு உதவி கேளுங்கள். 2015 ஆகஸ்ட்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தபோது, கூடவே தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்ட ஏழு அரசு மருத்துவமனைகளில் தஞ்சாவூரும் ஒன்று. அந்த வங்கிப் பால் முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கும் தான். ஆனால் தாய்ப்பால் பற்றி விவரம் தெரிந்த கைகள் அரசு மருத்துவமனையில் இருக்கின்றன, போய்க் கேட்கலாம்.

தண்ணீர், சூடு, பிளாஸ்க்

பலருக்கும் தெரியாத ஒன்று: டின்னில் இருக்கும் பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்டது அல்ல. சீல் உடைக்காத டின்னிலும் அரிதாகக் கிருமி இருக்கலாம். குரோனோபாக்டர் என்ற ஒன்று இருக்கிறது. வருவது மிக அபூர்வம். வந்தால் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மூளைக் காய்ச்சல் வரை கொண்டுபோகும். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெரிய பவுடர் தொழிற்சாலையே இதற்காக மூடப்பட்டு, நாடு முழுக்கப் பால் பவுடர் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கலாம்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் இருக்கும் தண்ணீரில் பவுடரைக் கலக்கச் சொல்கிறது. வெப்பமானி தேடி அலைய வேண்டாம். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, அரை மணி நேரத்துக்குள் கலக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். பிறகு மூடிய பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு போதும். சில டின்களில் "வெதுவெதுப்பான நீரில் கலக்கவும்" என்று போட்டிருப்பார்கள். முதல் இரண்டு மாதம், அதிலும் குறைமாதக் குழந்தை என்றால், எதைப் பின்பற்றுவது என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நான் அந்த வயதில் சூடான தண்ணீர் பக்கம்தான் நிற்பேன்.

கேன் தண்ணீர் சுத்தமானதுதானே, ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று கொதிக்க வைக்காமல் கலக்குபவர்கள் உண்டு. இரண்டையும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். இன்னொன்று, வயல் நடுவே உள்ள ஆழமில்லாத கைப்பம்பு, கிணற்றுத் தண்ணீர். உரம் கரைந்து இறங்கும் நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டும்போது இன்னும் செறிவாகும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதிகமானால் பச்சிளம் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயும். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் அந்தக் குழாய்த் தண்ணீரே மேல். அது இல்லாத இடத்தில், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கு என்ன செய்வது? நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான். ஒன்பது மணிக்கே பாலைக் கலக்கிப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்து, விடியும் வரை கொடுப்பது. வெதுவெதுப்பான பால் பிளாஸ்க்குக்குள் இருந்தால் கிருமிக்குத் தொட்டில் கட்டியது மாதிரி. பிளாஸ்க்கில் பாலை வைக்காதீர்கள், கொதித்த தண்ணீரை வையுங்கள். நல்ல பிளாஸ்க் சில மணி நேரம் சூட்டைத் தாங்கும். பவுடரை அளந்து தனிச் சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். அழும்போது கலக்கிக்கொள்ளலாம். கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ பஸ்ஸில் போகும்போதும் இதே வழிதான். கலக்கிய பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குழந்தை வாய் வைத்த பால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சித்திரை வெயிலில் இந்தக் கணக்கைக் கொஞ்சம்கூடத் தளர்த்த வேண்டாம். மிச்சம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அதற்குக் கொஞ்சமாகக் கலக்கி, கேட்டால் மறுபடி கலக்குவதுதான் வழி.

பாட்டிலை விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தாய்மாமன் வீட்டிலிருந்து சீராக வரும் சங்கு, அதாவது பாலாடை. மூடி, காம்பு, வளையம் என்று கிருமி ஒளிய இடமே இல்லாத பாத்திரம். கழுவிக் கொதிக்க வைப்பது நிமிட வேலை. குறைமாதக் குழந்தைகளுக்கு இந்திய மருத்துவமனைகளே பாலாடையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் மல்லாக்கப் போட்டு, கத்தக் கத்தச் சங்கால் புகட்டும் பழைய முறை வேண்டவே வேண்டாம். நிமிர்த்தி, விழித்திருக்கும்போது, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்கியதைப் பார்த்து அடுத்ததை ஊற்ற வேண்டும். பாட்டில்தான் என்றால், எல்லா உறுப்பையும் கழற்றி, வளையத்துக்கு அடியில் படியும் கொழுப்பைத் தேய்த்துக் கழுவி, மூழ்கும்படி பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள்.

ஏப்பம், சொட்டு மருந்து, வசம்பு

தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வைப்பது எல்லாரும் செய்வது. 2015-ல் வெளியான சண்டிகர் ஆய்வு ஒன்றில் 71 குழந்தைகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். தட்டி ஏப்பம் எடுத்த குழந்தைகளுக்கு நீண்ட அழுகை குறையவில்லை. எதுக்களிப்பது மட்டும் கூடுதலாக இருந்தது! சின்ன ஆய்வுதான், அதை வைத்து ஏப்பம் எடுப்பதையே நிறுத்தச் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை நிமிர்த்தித் தோளில் வைத்துத் தடவிக்கொடுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஏப்பம் வரும்வரை அரை மணி நேரம் முதுகில் தட்டிக்கொண்டிருப்பது குழந்தைக்கும் தண்டனை, உங்களுக்கும் தண்டனை.

கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்டு என்ற மருந்துக்கடைக்காரர் உருவாக்கியது. அன்றைய கலவையில் ஆல்கஹால் இருந்தது. பிள்ளைகள் அமைதியானதில் ஆச்சரியம் என்ன! இன்று அது இல்லை; ஆனால் வாயுவைத் தீர்க்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. சிமெத்திகோன் சொட்டு மருந்து பெரிய தீங்கு செய்யாது, வெறும் இனிப்புச் சொட்டைவிட அது மேல் என்று சோதனைகளில் நிரூபணமும் ஆகவில்லை. பயப்பட வேண்டியது டைசைக்ளோமின் கலந்த சொட்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சே தடைபடலாம் என்பதால் அந்த வயதில் கொடுக்கவே கூடாத மருந்து அது. டாக்டர் சீட்டு இல்லாமல் "வயித்து வலிச் சொட்டு" என்று யார் கொடுத்தாலும் லேபிளில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்யும் ஆள் இல்லை நான். கை சூட்டில் எண்ணெய் தேய்த்து வயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் தடவுவது, காலை மடக்கி மெதுவாக வயிற்றோடு அணைப்பது, இதெல்லாம் பாட்டிகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வாய்க்குள் போவதில்தான் என் ஆட்சேபம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஓமத் தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர், பாட்டிலில் கலக்கும் கஞ்சி எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை வேண்டாம். உரம் எடுப்பது, தொக்கம் எடுப்பது என்று குழந்தையை உருட்டுவதும் தொண்டைக்குள் கை விடுவதும் ஆபத்து.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குழந்தைகள் அழும். 1954-ல் அமெரிக்க மருத்துவர் மோரிஸ் வெஸல் ஒரு கணக்குச் சொன்னார்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அது 'காலிக்'. ஆறு வாரத்தில் உச்சம், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். அது வாயுவால்தான் வருகிறது என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பல நேரம் அழுது அழுதுதான் காற்றே சேர்கிறது. நாலு நாளைக்கு ஒரு டின் மாற்றுவதில் அதற்கு விடை கிடையாது. தாங்க முடியாத ராத்திரியில் குழந்தையைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து மூச்சு வாங்குங்கள். கோபத்தில் குலுக்கிவிடாதீர்கள், அது மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று பத்து நிமிடம்

"மருத்துவமனையே கலக்கக் கற்றுக்கொடுத்தால் எல்லாரும் பவுடருக்குப் போய்விடுவார்கள்" என்று தாய்ப்பால் ஆர்வலர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம், வரலாறு அப்படி. அதனால் வார்டில் எல்லாருக்கும் பொதுவாகச் செய்துகாட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே பவுடர் கொடுக்கும் தாய்க்கு, தனியாக, பத்து நிமிடம் போதும். பிரிட்டனில் தாய்ப்பாலுக்காகவே இயங்கும் யுனிசெப் அமைப்பின் திட்டம், அந்நாட்டு அரசு சுகாதாரத் துறையோடு சேர்ந்து புட்டிப்பால் தயாரிக்கும் கையேட்டையும் கொடுக்கிறது. இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை.

திருவாரூர், நாகை, அரியலூர், புதுக்கோட்டையிலிருந்தெல்லாம் பிரசவத்துக்கு வரும் தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையில் இதைத் தொடங்கலாம். டிஸ்சார்ஜ் அட்டையோடு ஒரு பக்கத் தமிழ்த் தாள்: கொதித்த தண்ணீர், தலைதட்டிய கரண்டி, இரண்டு மணி நேரம், பிளாஸ்க்கில் பால் வேண்டாம். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாமல், படத்தோடு. கூட்டிப்போக வந்திருக்கும் பாட்டியையும் அப்பாவையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது ஒரு தடவை "கலக்கிக் காட்டுங்க, பார்ப்போம்" என்று கேட்கலாம். டின்னில் தமிழையும் கட்டாயமாக்கச் சொல்லி மாநில அரசு உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் கேட்கலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தபின், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை; மோட்டார் ஓடாமல் தண்ணீரும் இல்லை. தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கு அந்த நாட்களிலும் பால் இருந்தது. புட்டிப்பால் பிள்ளைக்கு விறகு, சுத்தமான தண்ணீர், டின், கொதிக்க வைக்கும் பாத்திரம் என நாலும் வேண்டியிருந்தது. டெல்டாவில் அடுத்த புயல் எந்த ஐப்பசி, கார்த்திகையிலும் வரலாம். வீட்டில் பவுடர் குடிக்கும் குழந்தை இருந்தால் மழைக்காலத்தில் ஒரு டின் கூடுதலாகவும், மூடி வைத்த குடிநீரும், ஒரு பாலாடையும் கையிருப்பில் இருக்கட்டும்.

கடைசியாக, எதெல்லாம் வாயு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், கல் போல இறுகிய வயிறு, பால் குடிக்க மறுப்பது, ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர், உச்சிக்குழி புடைப்பது, துவண்டு கிடப்பது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் கிரைப் வாட்டர், வசம்பு என்று நேரம் கடத்தாதீர்கள். சந்தேகம் கேட்க 104. கிளம்ப வண்டி வேண்டுமென்றால் 108.